நீலம் மறையும் குழாய்: ஓர் ஒளிச்சேர்க்கைச் சோதனைப் பெட்டியின் மதிப்புரை

பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பதினோராம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, பாடப் புத்தகத்தை என் மடியில் வைத்து, "ஆச்சி, வெயில் எப்படி ஆச்சி சாப்பாடா மாறுது? இங்க அம்புக்குறி மட்டும்தான் போட்டிருக்காங்க" என்று கேட்ட மறுவாரம், இணையத்தில் விற்பனைக்கு வந்த ஓர் ஒளிச்சேர்க்கைச் சோதனைப் பெட்டியை 2,350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஏறத்தாழ இதே பொருள்களை அடுக்கி, இதே விலையையொட்டிப் பல பெட்டிகள் சந்தையில் இருப்பதால், நான் எழுதுவது அவற்றை வாங்க நினைப்பவர்களுக்கும் பயன்படக்கூடும். பேத்தியின் அந்தக் கேள்விக்கு இந்தப் பெட்டி விடை சொல்கிறதா என்பது ஒன்றே என் அளவுகோல்.

பெட்டிக்குள் 250 மி.லி. கண்ணாடிக் குவளை ஒன்று, புனல் ஒன்று, சோதனைக் குழாய்கள் ஆறு, சிறிய கல்வமும் குழவியும், சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை ஆகிய நான்கு நிறங்களில் எரியும் எல்.இ.டி. விளக்கு, அயோடின் கரைசல், சோடியம் பைகார்பனேட் பொட்டலம், வடிதாள் துண்டுகள், ஓர் உறையில் சர்க்கரையும் பாஸ்பேட் உப்பும் கலந்த பொடி, கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியில் கரும்பச்சைப் பொடி, இவற்றோடு 42 பக்கக் கையேடு ஆகியவை இருந்தன. செடி கிடையாது, அதை நாமே தேடிக்கொள்ள வேண்டும். வாய்க்காலில் கலங்கல் நீர் ஓடிக்கொண்டிருந்ததால், வேலம்பாசியை மீன்தொட்டிக் கடையில் இருபது ரூபாய்க்கு வாங்கி வந்தோம்.

முதல் சோதனை எல்லாருக்கும் தெரிந்த குமிழ்ச் சோதனைதான். குவளை நீரில் பாசியை இட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, புனலின் காம்பின்மேல் நீர் நிரம்பிய சோதனைக் குழாயைத் தலைகீழாக நிறுத்தி, ஒளி படும்போது எழும் வாயுவைச் சேகரிக்க வேண்டும். இதற்குப் புனலின் காம்பு நீர்மட்டத்திற்குள் முழுமையாக மூழ்கியிருக்க வேண்டும் என்பது செய்முறை வகுப்பில் ஒரு முறையாவது நின்றவர்களுக்குத் தெரியும். இந்தப் பெட்டியில் உள்ள குவளையில் விளிம்புவரை நீர் ஊற்றினாலும் காம்பு ஒரு விரற்கடை வெளியே நிற்கிறது. குழாயை அதன்மேல் கவிழ்த்த நொடியே உள்ளிருந்த நீர் கொட்டிக் காற்று புகுந்துவிடுகிறது. படம் வரைந்தவர் ஒருவர், குவளை வாங்கியவர் மற்றொருவர் என்று நினைக்கிறேன். நாங்கள் இரண்டு லிட்டர்த் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து எறிந்துவிட்டு, அதைக் குவளையாக வைத்துக்கொண்ட பிறகே சோதனை நடந்தது.

நடந்த பிறகு அது நன்றாகவே நடந்தது. ஒரு சிட்டிகை பைகார்பனேட் போட்டதும், பாசியின் அறுபட்ட தண்டு முனையிலிருந்து குண்டூசித் தலையளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சரம் கோத்தாற்போல் ஏறின. கொதிக்க வைத்து ஆறவிட்ட நீரில் அதே பாசியை இட்டபோது ஏறக்குறைய நின்றுபோயின. கொதிக்கும்போது கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுவதே காரணம். அந்த நீரிலேயே பைகார்பனேட் கலந்ததும் மறுபடி கிளம்பின. பிற்பகல் முழுவதும் சேர்ந்த வாயுவில் ஊதுபத்தியின் கங்கை நுழைத்தபோது அது பளிச்சென்று சிவந்து எரிந்தது. குமிழில் இருப்பது முழுக்க ஆக்சிஜன் அல்ல, நீரில் கரைந்திருந்த நைட்ரஜனும் சிறிது கலந்தே வரும் என்பதைக் கையேடு சொல்லியிருக்கலாம்.

விளக்கின் தொலைவை மாற்றிக் குமிழ்களை எண்ணும் பகுதியில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஒளியின் செறிவு தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது சரியே. ஆனால் அந்த விதியை அப்படியே குமிழுக்கும் பொருத்தி, 10 செ.மீ. தொலைவில் 40 குமிழ்கள், 20 செ.மீ.-ல் 10, 40 செ.மீ.-ல் இரண்டரை என்று கையேட்டிலேயே அட்டவணையை நிரப்பி அச்சிட்டிருக்கிறார்கள். அரைக் குமிழை யார் எப்படி எண்ணினார்கள் என்று தெரியவில்லை. எங்களுக்கு நிமிடத்திற்கு 44, 27, 9 என்று வந்தது. பேத்தி தன் எண்களை அழித்துவிட்டு அச்சில் இருந்ததை எழுதப் போனாள், தடுத்தேன். பிழை அவளுடையதன்று. விளக்கு அருகில் இருக்கும்போது ஒளி தேவைக்கு மிஞ்சிவிடுகிறது. அப்போது வேகத்தைக் கட்டிப்போடுவது கார்பன் டை ஆக்சைடுதான். பிளாக்மன் 1905-ல் வகுத்த கட்டுப்படுத்தும் காரணிகள் விதி இதைத்தான் சொல்கிறது: பல காரணிகள் சேர்ந்து நடத்தும் வினையில், மிகக் குறைவாக உள்ள காரணியே வேகத்தைத் தீர்மானிக்கும். 10 செ.மீ.-ல் விளக்கை வைத்தபடியே இன்னொரு சிட்டிகை பைகார்பனேட் கலந்தோம். குமிழ்கள் ஐம்பதைத் தாண்டின. அச்சிட்ட அட்டவணையோடு பொருந்தாத அந்த மூன்று எண்களுக்குள் ஒரு முழு வகுப்புக்கான பாடம் இருந்தது. அட்டவணையை நம்பும் மாணவருக்கு அது கிடைக்காமலே போய்விடும்.

பச்சை ஒளியில் குமிழே வராது என்ற கூற்றும் தவறு. குறைந்தது, நிற்கவில்லை. 1882-ல் எங்கெல்மன் பாசி இழையின்மேல் நிறமாலையை விழச் செய்து, ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்கள் சிவப்பிலும் நீலத்திலும் மொய்ப்பதைக் காட்டினார் என்பது உண்மை. அதிலிருந்து, இலைக்குப் பச்சை ஒளி பயனே அற்றது என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. பச்சையத்தைக் கரைத்தெடுத்த கரைசல் பச்சை ஒளியை வெகு குறைவாகவே உறிஞ்சும். முழு இலையிலோ, ஒளி செல்லுக்குச் செல் சிதறி மீண்டும் மீண்டும், பச்சையம் அடங்கிய நுண்ணுறுப்புகளான பசுங்கணிகங்களின்மேல் பட்டுக்கொண்டிருப்பதால், பச்சை ஒளியிலும் பெரும்பகுதி கடைசியில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது.

தரசச் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் இருட்டில் வைத்த தொட்டிச் செம்பருத்தியின் இலையில் கருந்தாளைச் சுற்றி, வெயிலில் வைத்து, பிறகு நிறம் நீக்கி அயோடின் இட்டால், மறைத்த இடம் பழுப்பாகவும் வெயில்பட்ட இடம் கருநீலமாகவும் தெரியும், தெரிந்தது. ஓர் எச்சரிக்கை மட்டும்: "இலையை ஆல்கஹாலில் கொதிக்க வைக்கவும்" என்று கையேட்டில் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். ஆல்கஹாலை ஒருபோதும் நேரடித் தீயில் வைக்கக் கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அந்த நீருக்குள் ஆல்கஹால் உள்ள குழாயை நிறுத்த வேண்டும். சிறுவர்கள் தாமாகவே செய்யலாம் என்று அட்டையில் போட்டு விற்கும் பொருளில் இந்த ஒரு வாக்கியம் விடுபட்டதை நான் சிறிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இலையைக் கொதிக்க வைத்த பின் எஞ்சும் பச்சை ஆல்கஹாலைக் கீழே கொட்டிவிடச் சொல்கிறது கையேடு. கொட்ட வேண்டாம். ரூபாய் நோட்டைச் சரிபார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கு ஒன்று என்னிடம் இருந்தது. அறையை இருட்டாக்கி, அந்தப் பச்சைக் கரைசலின்மேல் அதை அடித்தபோது, குழாய் இரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது. பேத்தி குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பச்சைத் தண்ணிதானே ஆச்சி?" என்றாள். பச்சைதான். பச்சைய மூலக்கூறு ஒளியைப் பிடித்ததும் அதன் எலக்ட்ரான் ஒன்று உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏறுகிறது. அங்கே அது சில நானோ நொடிகளுக்குமேல் தங்காது. இலைக்குள் இருந்தால் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள அடுத்த மூலக்கூறு காத்திருக்கும். இலையிலிருந்து பிரித்து ஆல்கஹாலில் கரைத்துவிட்ட பிறகு வாங்க ஆளில்லை. ஆகவே வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகவும், எஞ்சியது சிவப்பு ஒளியாகவும் திரும்பி வெளியேறிவிடுகிறது. பச்சையம் ஒளியைப் பிடிக்கும், ஆனால் தனியாக அதைச் சேமிக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது. "ஒளி ஆற்றல் பச்சையத்தில் சேமிக்கப்படுகிறது" என்று கையேட்டின் ஏழாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் வாக்கியத்தை, அந்தக் கையேடு கொட்டச் சொன்ன கரைசலே பொய்யாக்கிவிடுகிறது. இந்த விளக்கைப் பெட்டியில் சேர்த்திருந்தால் விலை நூறு ரூபாய் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

இனி அந்தக் கரும்பச்சைப் பொடிக்கு வருகிறேன். குமிழும் தரசமும் ஒளிச்சேர்க்கையின் விளைவுகள். ஒளி உள்ளே போனது, ஆக்சிஜனும் மாவும் வெளியே வந்தன என்பதை மட்டுமே அவை காட்டுகின்றன. நடுவில் என்ன நடந்தது என்ற பேத்தியின் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த நடுப்பகுதியைக் கண்ணால் காட்டும் ஒரே பொருள், கையேட்டின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் "கூடுதல் சோதனை" என்ற தலைப்பில் அரைப் பக்கத்திற்குள் ஒடுக்கப்பட்டிருக்கும் இந்தச் சாயம்தான். டிசிபிஐபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது, நீரில் கரைந்ததும் ஆழ்ந்த நீலமாகிறது. எலக்ட்ரான்களை ஏற்றுக்கொண்டால் நிறம் இழந்துவிடுகிறது. அதாவது, கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குப் போய்ச் சேர்ந்ததை நிறத்தால் அறிவிக்கும் சாட்சி.

செய்முறை எளிது; ஆனால் அவசரப்படக் கூடாது. உறையில் உள்ள பொடியை நீரில் கரைத்துக் குளிர்பெட்டியில் வைத்து நன்றாகக் குளிர்ந்த பிறகு, நடு நரம்பு நீக்கிய பாலக்கீரை ஒரு பிடியை, அதுவும் குளிரவைத்த கல்வத்தில், அந்தக் கரைசலோடு சேர்த்து விரைவாக அரைக்க வேண்டும். மிக்சியில் ஓட்டினால் சூடாகிவிடும். மெல்லிய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டினால், செல்களின் சக்கை மேலே தங்க, பசுங்கணிகங்களும் அவற்றின் உடைந்த துண்டுகளும் மிதக்கும் பச்சைச் சாறு கீழே இறங்கும். அதைப் பனிக்கட்டி நிரம்பிய கிண்ணத்தில், ஒளி படாமல் வைத்திருக்க வேண்டும். சர்க்கரை எதற்கு என்று பேத்தி கேட்டாள். வெறும் நீரில் பசுங்கணிகம் நீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். சர்க்கரைக் கரைசல் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

கையேடு இரண்டு குழாய்கள் போதும் என்கிறது. நான் நான்கு வைத்தேன்: சாறும் சாயமும் கலந்து விளக்கின்முன் ஒன்று, அதே கலவையை அலுமினியத் தாளால் சுற்றி ஒன்று, கொதிக்க வைத்த சாற்றோடு சாயம் கலந்து விளக்கின்முன் ஒன்று, சாறே இல்லாமல் வெறும் சாயம் ஒன்று. இவற்றில் கடைசி மூன்றும் இல்லாவிட்டால் முதலாவதற்கு மதிப்பே கிடையாது. சாயம் ஒளியிலேயே வெளுத்ததா, சாற்றில் உள்ள வேறு எதுவும் வெளுக்கச் செய்ததா என்ற ஐயத்திற்கு விடை சொல்ல முடியாது.

அந்த ஐயம் உடனே வந்தும்விட்டது. சாயத்தை விட்டதுமே, விளக்கை ஏற்றும் முன்பே, எல்லாச் சாற்றுக் குழாய்களிலும் நீலம் கொஞ்சம் மங்கியது. பேத்தி என்னைப் பார்த்தாள். கீரையில் உள்ள வைட்டமின் சி-யும் இதே சாயத்திற்கு எலக்ட்ரான் கொடுக்கக்கூடியது; பழச்சாற்றில் வைட்டமின் சி-யை அளக்க ஆய்வகங்களில் பயன்படுவதே இந்தச் சாயம்தான். எலுமிச்சை ஒரு சொட்டை வேறொரு குழாயில் விட்டுக் காட்டினேன். நீலம் ஒரு கணம் இளஞ்சிவப்பாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. இதற்குத் தீர்வு, இருட்டில் வைத்திருக்கும் சாற்றில் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மங்காமல் நிலைக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே கடிகாரத்தைத் தொடங்குவதுதான். கையேட்டில் இதைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. இதை அறியாத வீட்டில், இருட்டுக் குழாயும் மங்குவதைப் பார்த்து, சோதனை தோற்றுவிட்டது என்று பெட்டியை மூடிவிடுவார்கள்.

விளக்கை ஏற்றினோம். மூன்றாம் நிமிடத்தில் முதல் குழாயின் விளக்குப் பக்கம் மட்டும் நீலம் இளகத் தொடங்கியது. குழாயை மெல்லச் சாய்த்துக் கலக்கினோம். எட்டாம் நிமிடத்திற்குள் நீலம் முழுவதும் மறைந்து கீரையின் வெறும் பச்சை மட்டும் எஞ்சியது. அலுமினியத் தாளைப் பிரித்தபோது உள்ளே இருந்தது மயில்கழுத்து நிறத்தில் அப்படியே இருந்தது. கொதிக்க வைத்ததும் மாறவில்லை. வெறும் சாயமும் மாறவில்லை. தாளைப் பிரித்த அந்தக் குழாயை விளக்கின்முன் நிறுத்தியதும் அதுவும் சிறிது நேரத்தில் பச்சையானது. பேத்தி அன்று மாலை அதைத் தன் அம்மாவுக்காக இன்னொரு முறை செய்தாள், எனக்குச் சொல்லாமலே.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இராபர்ட் ஹில் 1937-ல் வெளியிட்ட ஆய்வின் வீட்டு வடிவம் இது. அவர் சாயத்திற்குப் பதிலாக இரும்பு உப்பு ஒன்றைப் பயன்படுத்தினார். இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள், எலக்ட்ரானை ஏற்க ஒரு பொருள் இருந்தால் போதும், கார்பன் டை ஆக்சைடின் துணையின்றியே ஒளியில் ஆக்சிஜனை வெளியிடுகின்றன என்று அவர் காட்டினார். ஒளியைக் கொண்டு நடக்கும் வேலை வேறு, சர்க்கரை கட்டும் வேலை வேறு என்பது அங்கேதான் பிரிந்து தெரிந்தது. 1941-ல் ரூபனும் காமனும் உடன் உழைத்தவர்களும், எடை மிகுந்த ஆக்சிஜன்-18 கொண்ட நீரைப் பாசிக்குக் கொடுத்து, வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்று காட்டினார்கள். "செடி கார்பன் டை ஆக்சைடை உடைத்து ஆக்சிஜனைத் தருகிறது" என்று 2020-களில் அச்சான கையேட்டில் படிக்கும்போது, எண்பது ஆண்டுகள் எங்கே போயின என்று கேட்கத் தோன்றுகிறது.

நீலம் மறைந்த அந்த எட்டு நிமிடத்தில் உள்ளே நடந்ததைக் கையேடு விளக்கவில்லை. நான் பேத்திக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். பசுங்கணிகத்திற்குள் தைலகாய்டு என்னும் தட்டையான பைகள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றின் சவ்வில் பதிந்திருக்கும் நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் பிடிக்கும் ஆற்றல், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறி, வினை மையம் என்னும் ஓரிடத்தில் வந்து சேர்கிறது. புற ஊதா விளக்கின்கீழ் சிவப்பாகத் திரும்பி ஓடிய ஆற்றல் இங்கேதான் பிடிபடுகிறது: வினை மையத்துப் பச்சையம் தன் எலக்ட்ரானைப் பக்கத்து மூலக்கூறிடம் உண்மையாகவே கொடுத்துவிடுகிறது, அதுவும் ஒரு நொடியின் இலட்சம் கோடியில் சில பங்கு நேரத்தில். ஒளி ஆற்றல் வேதி ஆற்றலாக மாறும் தருணம் எது என்று யாரேனும் கேட்டால், அந்தக் கைமாற்றத்தைத்தான் காட்ட வேண்டும். எலக்ட்ரானை இழந்த மையத்திற்கு அதன் இழப்பை ஈடுசெய்வது நீர். நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் கொண்ட ஒரு கொத்து, இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, முடிவில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை வெளியே விடுகிறது. பாசித் தண்டின் முனையில் நாங்கள் எண்ணியது அதைத்தான்.

ஒரே தூக்கில் எலக்ட்ரான் வேண்டிய உயரத்திற்குப் போவதில்லை. ஆழக் கிணற்றில், நடுவில் ஒரு தொட்டி கட்டி, கீழ் ஏற்றம் அதுவரை இறைக்க, மேல் ஏற்றம் அங்கிருந்து வரப்புக்கு இறைப்பதாக நினைத்துக்கொள்ளலாம். வினை மையமும் அதற்கு ஆற்றலைச் சேர்த்துத் தரும் பச்சையமும் கொண்ட தொகுதிக்கு ஒளி அமைப்பு என்று பெயர்; அதில் இரண்டு வகை உண்டு. இரண்டாம் ஒளி அமைப்பு, பெயர் எப்படியிருந்தாலும், கீழ் ஏற்றம். முதலாம் ஒளி அமைப்பு மேல் ஏற்றம். இரண்டு இடத்திலும் இறைப்பது ஒளிதான். இந்த இரட்டைத் தூக்கின் வரைபடத்தை 1960-ல் முன்வைத்தவர்களில் ஒருவர் அதே ஹில். உடன் எழுதியவர் ஃபே பெண்டால். இயல்பாக என்றால் மேலே போய்ச் சேர்ந்த எலக்ட்ரான்களை என்ஏடிபி என்ற மூலக்கூறு வாங்கி என்ஏடிபிஎச் ஆகும். நம் குழாயில், அந்தப் பாதையிலேயே நின்று நீலச் சாயம் கையேந்தி வாங்கிக்கொள்கிறது. மக்காச்சோளக் காடுகளில் தெளிக்கும் அட்ரசின் களைக்கொல்லி, இரண்டாம் ஒளி அமைப்பிலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் வாசலை அடைத்தே களையைக் கொல்கிறது. அதை இந்தக் குழாயில் விட்டால் நீலம் மறையாது. ஆனால் நஞ்சை வீட்டுக்குள் கொண்டுவந்து செய்ய வேண்டிய சோதனை அல்ல அது.

இந்தப் பெட்டியால் காட்ட முடியாதது ஏடிபி, அதாவது செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு. எலக்ட்ரான் இறங்கி வரும் வழியில் புரோட்டான்கள் தைலகாய்டு பைக்குள் தள்ளப்படுகின்றன. உள்ளே நெருக்கடி கூடி, அவை வெளியேறும் ஒரே வாசலில் ஒரு புரதச் சுழலியைச் சுற்றிவிட்டுப் போகின்றன. அந்தச் சுழற்சியில் ஏடிபி உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961-ல் இதைச் சொன்னபோது பலரும் ஏற்கவில்லை. 1966-ல் ஜாகெண்டார்ஃபும் உரிபேயும், பசுங்கணிகச் சவ்வுகளை அமிலத்தில் ஊறவைத்துக் காரக் கரைசலுக்கு மாற்றியபோது, முழு இருட்டிலேயே ஏடிபி உருவானது. ஒளியின் வேலை புரோட்டான்களை ஒரு பக்கம் குவிப்பதே என்பது அதனால் உறுதிப்பட்டது. 1978-ல் மிட்செலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதை வீட்டில் செய்ய முடியாது, சரி. ஆனால் 42 பக்கத்தில் நான்கு பக்கம் தம் பிற தயாரிப்புகளின் விளம்பரத்திற்கு ஒதுக்கியவர்கள், இதற்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கலாம். ஏடிபியும் என்ஏடிபிஎச்சும், கார்பன் டை ஆக்சைடிலிருந்து சர்க்கரை கட்டும் கால்வின் சுழற்சிக்குள் போய், ஒவ்வொரு கார்பன் டை ஆக்சைடுக்கும் முறையே மூன்று, இரண்டு என்று செலவாவதையும் கையேடு ஓர் அம்புக்குறியில் முடித்துவிடுகிறது. அந்த அம்புக்குறியிலிருந்து தப்பிக்கத்தான் நான் பெட்டியே வாங்கினேன்.

கணக்கு பிடித்த பிள்ளைகளுக்காக ஒன்று. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது எட்டு ஒளித்துகள்கள் வேண்டும். ஒரு குளுக்கோஸ் உருவாகும்போது ஆறு ஆக்சிஜன் வெளிவருவதால் 48 துகள்கள். 680 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் ஒரு மோல் துகள்களின் ஆற்றல் சுமார் 176 கிலோஜூல். 48 மோலுக்குச் சுமார் 8,450. ஒரு மோல் குளுக்கோஸில் சேமிக்கப்படும் ஆற்றல் சுமார் 2,870 கிலோஜூல். ஆக, மிகச் சாதகமான நிலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். வயலில் விழும் முழு வெயிலையும் கணக்கில் கொண்டால் இது வெகுவாக இறங்கிவிடும்: நெல் போன்ற பயிர்களுக்குக் கோட்பாட்டளவிலான உச்ச வரம்பே சுமார் 4.6 விழுக்காடு, மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றிற்குச் சுமார் 6. "தாவரங்கள் சூரிய ஒளியை 100% பயன்படுத்துகின்றன" என்று பெட்டியின் அட்டையில் அச்சிட்டவர் எந்தச் செடியைப் பார்த்தாரோ.

நிறமிகளைப் பிரிக்கும் வடிதாள் சோதனையைச் செய்ய முடியவில்லை. கரைப்பான் குப்பி வழியிலேயே கசிந்து, பெட்டி திறந்தபோது வாடை மட்டுமே மிஞ்சியிருந்தது. கையேட்டின் தமிழ் வேறு மொழியிலிருந்து இயந்திரம் பெயர்த்தது போன்றிருக்கிறது. புரோட்டான் இரண்டு இடங்களில் புரதம் ஆகியிருக்கிறது. செடிகள் பகலில் ஒளிச்சேர்க்கையும் இரவில் சுவாசமும் செய்கின்றன என்ற பழைய பிழையும் இருக்கிறது. சுவாசம் இருபத்துநான்கு மணி நேரமும் நடக்கிறது என்பதை நான் பேனாவால் எழுதி வைத்தேன்.

விளக்கு நன்றாக உழைக்கிறது, சூடாவதில்லை, நீரின் வெப்பநிலையைக் கெடுப்பதில்லை; அதற்காகவே ஒரு பங்கு பணம் தகும். கல்வமும் உறுதியானது. சாயம் ஒரு வகுப்பு முழுவதற்கும் போதும். கரைத்ததை இருட்டில், குளிரில் வைத்துச் சில நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அருகில் நின்று சொல்லிக்கொடுக்க, பாடம் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் இந்தப் பெட்டியை வாங்கலாம். கையேட்டை மட்டும் நம்பிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவதாக இருந்தால் வேண்டாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். அவற்றில் இரண்டு அந்தக் கட்டைவிரல் குப்பிக்கு.

குவளையைப் பற்றி விற்பனையாளருக்கு எழுதினேன். உயரமான குவளை பத்து நாளில் வந்துசேரும் என்று பதில் வந்தது. இன்றோடு ஆறு வாரம் ஆகிறது. கழுத்தறுத்த தண்ணீர் பாட்டிலில் வேலம்பாசி சன்னலோரம் தழைத்து நிற்கிறது, காலை ஒன்பது மணி வெயில் படும்போது குமிழ் விடத் தொடங்குகிறது.